பச்சை பட்டனும் நாலு ஹயரும்

இரத்தோட்டை
2025.01.12

அன்பு மகள் தர்ஷிகாவுக்கு,

அப்பா எழுதுறேன். கடைசியா நான் யாருக்குக் கடிதம் எழுதுனேன்னு யோசிச்சுப் பார்த்தேன். உங்கம்மாவுக்குத்தான், கல்யாணத்துக்கு முன்ன. அதுக்கு அவ இன்னும் பதில் போடல்ல. கேட்டா, "அதான் கட்டிக்கிட்டேனே, வேற என்ன பதில் வேணும்?"ங்கிறா.

"போன்ல நீங்க கதைக்கிறது கதையே இல்லப்பா. சரி சரின்னுட்டு வச்சிடுறீங்க. என்ன நடந்துச்சின்னு எழுதி அனுப்புங்க. இல்லாட்டி எங்கிட்ட கதைக்க வேணாம்"ன்னு நீ சொன்ன. அதுக்கும் நான் "சரி"ன்னுதான் சொன்னேன். ஆனா பாரு, எழுதுறேன். ஓ.எல். சோதனை எழுதப் போய் கணக்குப் பேப்பரைப் பார்த்துட்டுத் திரும்பி வந்த கை இது. பிழை இருந்தா நீயே திருத்தி வச்சிக்க, திருப்பி அனுப்பாத.

நடந்தது இதுதான். உங்க கம்பனி ஆப்பை ஓட்டிப் பார்க்க டிரைவர்மார் வேணும்னு நீ கேட்டப்ப, நம்ம ஆட்டோ ஸ்டான்ட்ல முதல்ல கையத் தூக்குனது நான். மகள் செஞ்ச ஆப்பு இல்லையா? (நீ செய்யல்ல, சோதிச்சு மட்டும் பார்க்கிறன்னு பல தடவை சொல்லிட்ட. ஸ்டான்ட்ல நான் "செஞ்சா"ன்னே சொல்லி வச்சிருக்கேன். இனி மாத்த ஏலாது.) ரிவஸ்டன் ரோட்டுல இருக்கிற கெஸ்ட் ஹவுஸ்காரங்க ஆட்டோ கேட்டா என் போன்ல மணி அடிக்கும். பச்சை பட்டனை அமத்துனா "வாறேன்". சிவப்பை அமத்துனா "ஏலாது". சின்னப் புள்ளைக்கும் விளங்கும். எனக்கும் விளங்குச்சு.

வெள்ளிக்கிழமை காலையில கொட்டு மழை. ஒரே மூச்சுல நாலு ஹயர். நாலு கெஸ்ட் ஹவுஸ்ல இருந்து ஆட்டோ கேட்டு மணி அடிச்சுது. நாலுக்கும் பச்சையை அமத்துனேன். ஒண்ணுக்கு நான் போனேன். ஒண்ணுக்கு நம்ம ஸ்டான்ட் திலீபனை அனுப்புனேன். இன்னொண்ணுக்கு அவன் மச்சானை. நாலாவது டிலானி மிஸ்ஸோட இடம். அதுக்கு யாராவது போயிருப்பாங்கன்னு நான் நெனச்சேன். நான் போயிருப்பேன்னு அவங்க நெனச்சாங்க.

அங்க ஒரு வயசான வெள்ளைக்காரத் தம்பதி. கொட்டுற மழையில ரோட்டோரம் பெட்டியோட நின்னிருக்காங்க. டிலானி மிஸ் போனை எடுத்துப் பார்க்கிறப்ப எல்லாம் "விஜேந்திரன் வந்துகொண்டிருக்கிறார்"னு காட்டியிருக்கு. அந்த விஜேந்திரன், அதான் நான், அப்ப என் ஹயரை முடிச்சுட்டு வந்து இங்க பாணும் பருப்பும் தின்னுக்கிட்டு இருந்தான். கடைசியில மரக்கறி லொறியில லீக்ஸ் மூட்டைக்கு நடுவுல ஏத்தி விட்டாங்களாம். அவங்க புடிக்க இருந்த பிளேன் போயிருச்சு.

ஸ்டான்ட்ல இப்ப எனக்கு மரியாதை தாங்க முடியல்ல. திலீபன் கும்பிட்டுக்கிட்டே வாறான். "அண்ணே, முருகனுக்கே ஆறு மொகம்தான், உடம்பு ஒண்ணுதான். நீங்க நாலு இடத்துல ஒரே நேரத்துல காட்சி குடுத்தீங்களாமே!"ங்கிறான். டிலானி மிஸ் என் பேரை ஆப்புல இருந்து எடுத்துட்டாங்க, ஆப்பையும் நிப்பாட்டிட்டாங்க. அது நியாயம்.

நீ போன்ல ஏசுனதும் நியாயம். ஏசி முடிச்சிட்டு அழுதியே, அதுதான் எனக்குப் பாரமா கெடக்கு. என்னால உனக்கு வேலையில என்ன வந்துச்சின்னு நீ சொல்லல்ல. சொல்லு. ஏசுறதுக்குன்னாலும் போன் எடுத்தியே, அதுக்கு ரொம்ப நன்றி மகள்.

பொங்கலுக்கு வருவியான்னு அம்மா கேக்கச் சொன்னா. நான் கேக்கல்ல, அவதான் கேக்கிறா.

இப்படிக்கு,
நாலு இடத்துக்கும் வாறேன்னு சொன்ன
அப்பா


வெள்ளவத்தை
2025.01.19

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கலுக்கு வராததுக்கு மன்னிச்சிருங்க. கோவத்துல மட்டும் இல்ல, வேலையும்தான். சரி, கோவத்துலயும்தான்.

கடிதத்தை மூணு தடவை வாசிச்சேன். லீக்ஸ் மூட்டை வந்ததும் சிரிச்சிட்டேன், அப்புறம் என் மேலயே கோவம் வந்துச்சு. ஆனா உண்மையைச் சொல்லணும். இத்தனை வருசத்துல நீங்க எனக்கு ஒரு விசயத்தை முழுசா சொன்னது இதுதான் முதல் தடவை. வாட்ஸ்அப்ல நான் என்ன அனுப்பினாலும் பெருவிரல் ஒண்ணு வரும். "அப்பா, எனக்குக் காய்ச்சல்"னு அனுப்பினப்பவும் பெருவிரல். அதனால இனி நானும் எழுதுறேன். நன்றிப்பா.

என் வேலையில என்ன வந்துச்சின்னு கேட்டீங்க. சொல்றேன். அரைவாசி விளங்கினாலும் போதும்.

டிலானி மிஸ்ஸோட போன் உங்க போன்கிட்ட நேரா பேசாது. நடுவுல எங்க கம்பனி சேர்வர் இருக்கு. அவங்க போன் அதுகிட்ட "ஆட்டோ வேணும்"னு கேக்கும். அது உங்ககிட்ட கேக்கும். நீங்க சொன்னதை அவங்களுக்குத் திருப்பிச் சொல்லும். இப்படி ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருள்கிட்ட எப்படிக் கேக்கணும், எப்படிப் பதில் சொல்லணும்னு ஒரு ஒழுங்கு இருக்கு. அதைத்தான் ஏபிஐன்னு சொல்றோம். அந்தப் பதில் எல்லாம் ஒழுங்கா வருதான்னு சோதிக்கிறது என் வேலை. ஒவ்வொரு கேள்வியா அனுப்பிப் பார்ப்பேன். பதில் சரின்னா பச்சை, பிழைன்னா சிவப்பு. உங்க பட்டன் மாதிரியேதான்.

ஆப்பை உங்களுக்குத் தாறதுக்கு முன்ன நான் சோதிச்சேன். எல்லாம் பச்சை. "எல்லா டெஸ்டும் பாஸ்"னு எழுதி என் பேரைப் போட்டுக் குடுத்தது நான். அதுக்குப் பிறகுதான் உங்க நாலு ஹயர். இப்ப பொஸ் கேக்கிறார், "எல்லாம் பாஸ்னா, அந்தத் தம்பதி எப்படி மழையில நின்னாங்க?"

எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல்ல. பெப்ரவரி கடைசியில முடிவு சொல்லுவாங்க. அதுக்கு முன்ன ஒரு வேலை தந்திருக்காங்க. இனி சோதனைக்கு எந்த டூலை வச்சுக்கலாம்னு நான் தெரிவு செஞ்சு, காரணத்தோட மீட்டிங்ல சொல்லணும். என் வேலை நிக்குமா போகுமான்னு அதுலதான் இருக்கு.

நான் இதுவரைக்கும் பாவிச்சது போஸ்ட்மேன்னு ஒரு டூல். லேசு, எல்லாருக்கும் தெரியும். ஒரு கேள்வியை அனுப்பிப் பதிலைக் கண்ணால பார்க்கலாம். இன்னொரு வகையில முழுக்க ப்ரோகிராம் எழுதித்தான் சோதிக்கணும். நல்ல பலம், ஆனா எழுதினவருக்குத்தான் விளங்கும். மூணாவதுல சோதனையைச் சாதாரண வசனமா எழுதலாம், இப்படி இருந்தா இப்படி நடக்கணும்னு. நாலாவதுதான் இப்ப எல்லாரும் கதைக்கிறது. ஏஐ தானாவே ஏபிஐயோட விபரத்தை வாசிச்சு, தானாவே சோதனை எழுதி, தானாவே ஓட்டிப் பார்க்கும். பொஸ்ஸுக்கு அதுல பெரிய ஆசை. அது வந்தா நான் எதுக்குன்னு அவர் கேக்கல்ல. நானேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

எங்க டீம் லீட் ஆரூரன் அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர், என் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு ஒண்ணுதான் சொன்னார். "தங்கச்சி, பச்சை எண்டு வந்தா எல்லாம் சரியெண்டு ஆர் சொன்னது?"

இப்ப எனக்கு ஒரு விசயம் தெரியணும்ப்பா. ஏசுறதுக்கு இல்ல, சத்தியமா. ஒரு நேரத்துல ஒரு இடத்துக்குத்தான் போகலாம்னு உங்களுக்குத் தெரியும். சிவப்பு பட்டனும் பக்கத்துலயே இருந்துச்சு. ஏன் நாலுக்கும் பச்சையை அமத்துனீங்க?

அன்புடன்,
தர்ஷிகா


இரத்தோட்டை
2025.01.25

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கெடச்சது. உங்கம்மா சத்தமா வாசிச்சா, நான் கேட்டேன். பிறகு நான் வாசிச்சேன், அவ கேட்டா. ரெண்டு பேருக்கும் அரைவாசி அரைவாசி விளங்குச்சு. கூட்டினா முழுசு.

ஒரு சின்னப் பிரச்சினை. கடிதத்தை நான் ஸ்டான்ட்லயும் வாசிச்சுக் காட்டினேன், பெருமைக்கு. அதுல போஸ்ட்மேன்னு வந்துச்சா, இப்ப இரத்தோட்டை முழுக்க நீ கொழும்புல தபால் கந்தோர்ல பெரிய வேலைன்னு கதை பரவியிருக்கு. நேத்து ஒரு அம்மா வந்து, லண்டன்ல இருந்து மகன் அனுப்பின பார்சல் வரல்லையாம், "புள்ளகிட்ட சொல்லித் தேடிப் பார்க்கச் சொல்லு தம்பி"ன்னாங்க. நான் சரின்னு சொன்னேன்.

பார்த்தியா? இதுதான் உன் கேள்விக்குப் பதில்.

ஏன் அமத்துனேன்னு நானும் யோசிச்சேன். நம்ம ஸ்டான்ட்ல யாராவது ரோட்டுல இருந்து "வாறீங்களா?"ன்னு கை காட்டுனா, "ஏலாது"ன்னு சொல்ற வழக்கம் இல்ல. "வாறேன்"னு சொல்லணும். நமக்கு வேற ஹயர் இருந்தா அடுத்தவனை அனுப்பணும். கேட்டவங்களுக்கு ஆட்டோ வந்தாப் போதும், அதை யார் ஓட்டுனா என்ன? கேட்டு வந்தவங்க மொகத்துக்கு நேரா ஏலாதுன்னு சொல்றது, சோத்துக்கு வந்தவங்களை வாசல்ல வச்சு அனுப்புற மாதிரி. அப்படித்தான் நாங்க பழகிட்டோம். உங்க பச்சை பட்டன் எனக்கு "வாறேன்" மாதிரித்தான் இருந்துச்சு. சிவப்பு பட்டனைப் பார்த்தா பிரேக் லைட் மாதிரி இருந்துச்சு. அதுல விரல் போகல்ல.

அதோட என் பழக்கமும் சேர்ந்துச்சு. கோயில் கமிட்டி, மரண சகாய சங்கம், பழைய மாணவர் சங்கம், மூணுலயும் நான் உப தலைவர். மூணுலயும் யாரோ கேட்டாங்க, நான் சரின்னேன். மூணு கூட்டமும் ஒரே நாள்ல வந்தா மூணுக்கும் வாறேன்னு சொல்லிட்டு வீட்டுல படுத்துக்கெடப்பேன். சரி, ஹரி, ஓகே. தமிழ், சிங்களம், இங்கிலீஸ் மூணுலயும் எனக்கு ஒரே பதில்தான் தெரியும். உங்கம்மா சொல்றா, பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு அவங்க தாத்தா "பொண்ணு புடி..."ன்னு தொடங்கினதுமே நான் சரின்னுட்டேனாம். அந்த ஒரு சரி நல்ல சரி. அதுக்கு நான் இன்னைக்கும் கும்பிடுறேன்.

உன் வேலை விசயம் வாசிச்சதுல எனக்குச் சோறு எறங்கல்ல. சும்மா இருக்க முடியாம டிலானி மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பிழை என் மேல, மகள் மேல இல்ல"ன்னேன். நல்ல மனுசி. தேத்தண்ணி குடுத்தாங்க. "உங்க மகள்ட கம்பனி அதைத் திருத்திட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. அவங்க மொகத்தைப் பார்த்தேன். ரெண்டு வாரமா போன்ல ஒவ்வொரு ஆளாக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப் போன மொகம்.

திருத்தியாச்சுன்னு சொல்லிட்டேன்.

அவங்க சந்தோசமா ஆப்பை மறுபடி போட்டுட்டாங்க. என் பேரைச் சேர்க்கல்ல, மத்த டிரைவர்மாரோட பேரை மட்டும். நீ எப்படியும் திருத்திடுவன்னு எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையிலதான் சொன்னேன்.

இப்படிக்கு,
அப்பா


வெள்ளவத்தை
2025.02.01

அப்பா,

இது கடிதம் இல்ல, ஏசல்.

திருத்தல்ல. எழுதிக்கிட்டு இருக்காங்க. எழுதி முடிச்சு என்கிட்ட தந்து, நான் சோதிச்ச பிறகுதான் "திருத்தியாச்சு"ன்னு யாரும் சொல்லலாம். நானே இன்னும் சொல்லாததை நீங்க தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே சொல்லிட்டு வந்திருக்கீங்க. ஒரு டிரைவர் இன்னொரு தடவை ரெண்டு பச்சை அமத்துனா, இன்னொரு குடும்பம் மழையில நிக்கும். இந்தத் தடவை கம்பனி என்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க, பையைத் தூக்கிக்கிட்டுப் போகச் சொல்லுவாங்க.

நேத்து போன்ல இதையேதான் சொன்னேன். "டிலானி மிஸ்கிட்ட நேர்ல போய், இன்னும் முடியல்ல, ஆப்பைப் பாவிக்காதீங்கன்னு சொல்லுங்க"ன்னேன். நீங்க "சரி மகள்"னீங்க. அந்தச் சரியை நம்பி நான் இருக்க ஏலாது. அதனால இதை எழுதி மாத்தளை பஸ் கன்டக்டர்கிட்ட குடுத்து விடுறேன்.

நானே அவங்களுக்கு போன் பண்ணலாம். பண்ண மாட்டேன். நீங்க குடுத்த வாக்கு, நீங்களே திருப்பி வாங்கணும். போயிட்டு வந்து எழுதுங்க. பெருவிரல் அனுப்ப வேணாம்.

தர்ஷிகா

பி.கு.: உங்களுக்கு இருமல் மருந்து அனுப்பியிருக்கேன். அது வேற, இது வேற.


இரத்தோட்டை
2025.02.03

அன்பு மகளுக்கு,

போயாச்சு. சொல்லியாச்சு. டிலானி மிஸ் ஆப்பை நிப்பாட்டிட்டாங்க. யாரும் மழையில நிக்கல்ல. முதல்ல இதைச் சொல்லிடுறேன், நீ நிம்மதியாச் சோறு தின்னு.

ஆனா எப்படிச் சொன்னேன்னு கேக்காத. சரி, கேக்கத்தான் போற, சொல்லிடுறேன்.

உன் கடிதம் கெடச்ச உடனே உங்கம்மாவையும் ஏத்திக்கிட்டு ஆட்டோவைக் கிளப்பினேன். ரிவஸ்டன் ரோட்டுல வளைவுக்கு வளைவு மனசுக்குள்ள பேசிப் பார்த்தேன். "மிஸ், இன்னும் முடியல்ல." "மிஸ், அன்னைக்கு நான் சொன்னது..." ஒரு வளைவுல நல்லா வந்துச்சு. அடுத்த வளைவுல மறந்துருச்சு. உங்கம்மா பின்னால இருந்து, "என்ன மொணமொணன்னு, சாமி வந்துருச்சா?"ங்கிறா. கெஸ்ட் ஹவுஸ் வாசல்ல போய் நிப்பாட்டினேன். மூடுபனி. எஞ்சினை ஓஃப் பண்ணல்ல. காலும் எறங்கல்ல.

உங்கம்மா என்னைப் பார்த்தா. நான் பனியைப் பார்த்தேன்.

"எறங்குங்க."

"எறங்குறேன்."

"எப்ப, மாத்தளைத் தேர்த் திருவிழாவுக்குப் பிறகா?"

அவ எறங்கிட்டா. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு நேரா உள்ள போனா. வாசல்லயே வச்சு, "மிஸ், நான் விஜேந்திரன்ட சம்சாரம் கலாராணி. ஆப்பு இன்னும் சரியாகல்ல. இவர் அன்னைக்குச் சொன்னது பொய் இல்ல, அவசரம். சரியானதும் மகள் சொல்லுவா. அதுவரைக்கும் பாவிக்காதீங்க"ன்னா. அவ்வளவுதான். நான் இத்தனை வளைவு சுத்திச் சுத்திச் சொல்ல முடியாததை அவ ஒரு மூச்சுல சொல்லிட்டா.

டிலானி மிஸ் ஏசுவாங்கன்னு நெனச்சேன். அவங்க ஆட்டோக்கிட்ட வந்து, எட்டிப் பார்த்து, "விஜேந்திரன், இப்பத்தான் உங்க வீட்டுல இருந்து நம்பக்கூடிய ஒரு பதில் வந்திருக்கு"ன்னு சிரிச்சாங்க. உன் நம்பரை அம்மாகிட்ட வாங்கிக்கிட்டாங்க. கெஸ்ட் ஹவுஸ் தரப்புல என்னென்ன பிழை நடக்குதுன்னு உன்கிட்ட கதைக்கணுமாம்.

ஆக, நீ சொன்னபடி வாக்கைத் திருப்பி வாங்கினது நான் இல்ல. இதுலயும் ஆள் அனுப்பிட்டேன். இந்தத் தடவை அனுப்பின ஆள் கெட்டிக்காரி.

திரும்பி வந்தோம். இரத்தோட்டை டவுனுக்கு வந்த பிறகு அவ, "அந்தப் புள்ள உங்களை நம்பி ஒரு விசயம் எழுதுது. அதுக்காச்சும் வாயைத் தெறங்க"ன்னா. அவளுக்கும் நன்றி சொல்லணும், உனக்கும் சொல்லணும். அவளுக்குச் சொன்னா "தேத்தண்ணி வேணுமா?"ன்னு கேப்பா. அதனால ரெண்டையும் இதுலயே எழுதிடுறேன்.

இருமல் மருந்து குடிச்சேன். கசப்பு. அதுவும் இதுவும் ஒண்ணுதான்னு எனக்குத் தெரியும்.

அப்பா


வெள்ளவத்தை
2025.02.28

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

முதல்ல இது. வேலை நிரந்தரம். காலையில கடிதம் தந்தாங்க. போன்ல சொல்லியிருப்பேன், நீங்க "சரி"ன்னு சொல்லிருவீங்கன்னு பயத்துல எழுதுறேன்.

இனி மத்தக் கதை. ஏஐ டூலை ரெண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். அதை நான் வெறுக்கணும்னு நெனச்சுக்கிட்டே தொடங்கினேன். வெறுக்க முடியல்ல. நான் யோசிக்காதது எல்லாம் யோசிச்சிருந்துச்சு. போன் நம்பர் இல்லாம கேட்டா? போன வருசத் திகதி போட்டுக் கேட்டா? பேர் இருக்க வேண்டிய இடத்துல ஒரு பக்கம் கதை எழுதினா? உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறதுக்குள்ள எழுதி ஓட்டி முடிச்சிருச்சு. ரெண்டு உண்மையான பிழையும் புடிச்சிருச்சு.

ஆனா உங்களை அதால புடிக்க முடியல்ல.

எல்லாருக்கும் வாறேன்னு சொல்ற ஒரு மனுசன் இருப்பான்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு நாங்க குடுத்த விபரத்துல அப்படி ஒருத்தர் இல்லையே. "டிரைவர் சம்மதிப்பார், அல்லது மறுப்பார்"னு மட்டும்தான் இருக்கு. அதைக் குறை சொல்லப் போனேன், அப்புறம் வாயை மூடிக்கிட்டேன். அதுக்கு உங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் உங்க மகள். நானும்தான் அதைச் சோதிக்கல்ல. ஒவ்வொரு பச்சையையும் தனித்தனியாப் பார்த்து எல்லாம் பாஸ்னு போட்டேன். நாலு பச்சையையும் சேர்த்து வச்சுப் பார்க்கல்ல.

டிலானி மிஸ் நாலஞ்சு தடவை போன்ல கதைச்சாங்க. அவங்க ஒண்ணு சொன்னாங்க. "யார் வந்தாலும் எனக்குப் பரவாயில்ல தங்கச்சி, ஆனா யார் வாறாங்கன்னு தெரியணும். கெஸ்ட்டுக்கு நான் பேர் சொல்லணுமே." அப்ப எனக்கு உங்க கடிதம் ஞாபகம் வந்துச்சு. நீங்க ஆள் அனுப்புறது பிழையே இல்லப்பா. அதுக்கு எங்க ஆப்புல வழி வைக்காதது எங்க பிழை. ஏலாது, வாறேன், இந்த ரெண்டும்தான் வச்சோம். இப்ப மூணாவது பட்டன் ஒண்ணு இருக்கு. "ஆள் அனுப்புறேன்." நீங்க அதை அமத்துனா உங்க கூட்டாளிக்கு மணி அடிக்கும். அவர் தன் கையால பச்சை அமத்துற வரைக்கும் டிலானி மிஸ்ஸுக்கு "வாறாங்க"ன்னு போகாது.

மீட்டிங்ல நான் வசனமா எழுதுற டூலைத்தான் சொன்னேன். காரணமும் சொன்னேன். டிலானி மிஸ்ஸும் வாசிச்சு "இது பிழை, இப்படி நடக்காது"ன்னு சொல்லக் கூடிய சோதனைதான் எங்களுக்கு வேணும். ஏஐ டூலையும் பக்கத்துல வச்சுக்கலாம், ஆனா அது எழுதுறதை ஒரு ஆள் வாசிக்கணும்னேன். பொஸ் உதாரணம் கேட்டார். நான் இதைத் திரையில போட்டேன்:

விஜேந்திரன் ஒரு ஹயருக்குச் சரி சொல்லியிருக்கும்போது,
அதே நேரத்துக்கு இன்னொரு கெஸ்ட் ஹவுஸ் அவரைக் கேட்டால்,
அவர் பச்சையை அமத்தினாலும்,
"வருகிறார்" என்று பதில் போகக் கூடாது.

பொஸ் கேட்டார், "யார் இந்த விஜேந்திரன்?"

"எங்க அப்பா"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஆரூரன் அண்ணா சிரிக்கல்ல. "அவருக்கு எங்கட நன்றியைச் சொல்லும் தங்கச்சி. இவ்வளவு நேர்மையாப் பிழை விட்ட ஒரு ஆள் எங்களுக்குக் கிடைக்கேல்லை"ன்னார். அது ஏசலா, பாராட்டான்னு இன்னும் யோசிக்கிறேன். நீங்க பாராட்டாவே எடுத்துக்கங்க.

இப்ப ஒவ்வொரு நாளும் எங்க கம்பனியில அந்தச் சோதனையில உங்க பேர் ஓடுது அப்பா. பச்சையா வருது.

டிலானி மிஸ் உங்க பேரைத் திரும்பச் சேர்த்துட்டாங்க. நான் கேக்கல்ல, அவங்களா சேர்த்தாங்க. தேருக்கு வாறேன். மாத்தளை பஸ் ஸ்டான்டுக்கு ஆட்டோவோட வாங்க. இதுக்கு மட்டும் சரின்னு சொல்லுங்க.

அன்புடன்,
தர்ஷி


இரத்தோட்டை
2025.03.20

அன்பு மகள் தர்ஷிக்கு,

நீ போய் வீடு அமைதியாயிருச்சு. உங்கம்மா உன் வேலைக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கா. சாமிக்கு இங்கிலீஸ் தெரியுமான்னு கேட்டேன், "உங்களை விடத் தெரியும்"ங்கிறா. தேரன்னைக்கு எடுத்த போட்டோவைப் பார்த்தேன். அஞ்சு தேரும் தெரியுது, அம்மாவும் நீயும் தெரியுறீங்க, எனக்கு மட்டும் தலை இல்ல. எடுத்தது திலீபன். வேணும்னுதான் செஞ்சிருப்பான்.

நேர்ல சொல்ல நெனச்சு விட்டுப்போன ஒண்ணு இருக்கு. நீ வந்து எறங்கின அன்னைக்கு நடந்தது.

நான் வெள்ளனவே மாத்தளைக்கு வந்து பஸ் ஸ்டான்ட் ஓரமா ஆட்டோவைப் போட்டுட்டு நின்னேன். சாயங்காலம், தேர்க் கூட்டம், ரோடு முழுக்கச் சனம். அப்ப போன்ல மணி அடிச்சுது. டிலானி மிஸ். பேரை எடுத்துட்டுத் திரும்பச் சேர்த்த பிறகு முதல் ஹயர். மகள், உண்மையைச் சொல்றேன், என் விரல் தன்பாட்டுல பச்சைக்குப் போயிருச்சு. மன்னிச்ச மனுசி கேக்கிறாங்க. மாத்தளையில இருந்து ரிவஸ்டனுக்கு என்ன, ஒரு ஓட்டம். உன்னை இங்க இருந்து வேற பஸ்ல வீட்டுக்கு வரச் சொன்னா... நீதான் கோவிக்க மாட்டியே... இப்படித்தான் என் மண்டை ஓடுச்சு. வழக்கமா இப்படித்தான் ஓடும்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பு பஸ் மூக்கை உள்ள விட்டுச்சு. யன்னல்ல நீ. நீ என்னைக் காணல்ல. எந்தப் பக்கம் ஆட்டோ நிக்குதுன்னு தேடிக்கிட்டு இருந்த. மொகத்துல ஒரு சந்தேகம், அப்பா வந்திருப்பாரா, இல்ல ஆள் அனுப்பியிருப்பாரான்னு. அதைப் பார்த்த பிறகு "ஆள் அனுப்புறேன்" பட்டனுக்கும் விரல் போகல்ல.

சிவப்பை அமத்தினேன்.

அமத்திட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். என்னமோ வெடிக்கப் போற மாதிரி. ஒண்ணும் வெடிக்கல்ல. திரையில வந்துச்சு: "அறிவித்ததற்கு நன்றி. வேறு ஆட்டோ கேட்கிறோம்." கொஞ்ச நேரத்துல டிலானி மிஸ் குரல்ல ஒரு செய்தி. "விஜேந்திரன், பரவாயில்ல, திலீபன் வாறார். மகள் வந்துட்டாளா?" இந்த வயசு வரைக்கும் ஏலாதுன்னு சொன்னா சனம் மொகத்தைத் திருப்பிக்கும்னு நெனச்சிருந்தேன். சொன்னதுக்கு நன்றி சொல்றாங்க, மகள் வந்துட்டாளான்னு கேக்கிறாங்க.

நீ எறங்கி வந்து, "என்னப்பா, போனைக் கையில வச்சுக்கிட்டுத் தன்பாட்டுல சிரிக்கிறீங்க?"ன்னு கேட்ட. "ஒண்ணுமில்ல, பையைத் தா"ன்னேன். ஒண்ணுமில்லாம இல்ல. அன்னைக்கு உங்க கம்பனி ஆப்பை நானும் சோதிச்சுப் பார்த்துட்டேன். நல்லாத்தான் வேலை செய்யுது. எழுதிக் குடுக்கணும்னா என் பேரையும் போட்டுக்க.

நீ போறப்ப பஸ் படியில நின்னுக்கிட்டு, "அடுத்த மாசம் கடைசிச் சனிக்கிழமை நீங்களும் அம்மாவும் கொழும்புக்கு வந்து என் ஒபிசைப் பாருங்க. ஆரூரன் அண்ணா உங்களைப் பார்க்கணுமாம்"ன்ன. நான் "சரி மகள்"ன்னேன். பஸ் கிளம்பிருச்சு. உன் மொகத்தைப் பார்த்தேன். அந்தச் சரியை எந்தக் கணக்குல வைக்கிறதுன்னு உனக்குத் தெரியல்ல. தெரியாதுதான். பச்சையா வந்த எல்லாத்தையும் நம்பக் கூடாதுன்னு நீதானே எனக்கு எழுதின.

அதுக்குத்தான் இந்தக் கடிதம். அந்தச் சனிக்கிழமைக்குக் கோயில் கமிட்டியில ஒரு கூட்டம். மரண சகாய சங்கத்துல ஒண்ணு. பழைய மாணவர் சங்கத்துல ஒண்ணு. மூணு இடத்துக்கும் நானே நேர்ல போனேன். ஆள் அனுப்பல்ல, உங்கம்மாவைக்கூட கூட்டிக்கிட்டுப் போகல்ல.

மூணு இடத்துலயும் ஏலாதுன்னு சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் வாற
அப்பா